அண்ணாச்சி மிக்ஸ்

1. பஞ்சு

வேலைக்குப் போன முதல் நாளே என் காதிலிருந்த பஞ்சை ஃபோர்மேன் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. எனக்கு டெஸ்டிங் வேலை. செய்து முடித்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில வெடிகளை எடுத்து, ஷெட்டுகளை விட்டுத் தள்ளியிருந்த பொட்டலில் வைத்துக் கொளுத்த வேண்டும். சத்தம் சரியாக இருந்தால் அந்த லாட் லோடு ஏறும். சரியில்லை என்றால் நிற்கும். மெடிக்கல் கடையில் பஞ்சு வாங்கி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் போய் நின்றேன்.

"ஏலே, காதுல பஞ்சு வச்சவன் சத்தத்துக்கு எப்படிலே சாட்சி சொல்லுவான்? பயமா இருந்தா அங்கன போய் லேபிள் ஒட்டு. இங்கன நிக்காத" என்றார்.

சுற்றி நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வயது இருபத்து மூன்று. அந்தச் சிரிப்புக்குப் பயந்து காதைக் கொடுத்தேன். அதன் பிறகு முப்பத்திரண்டு வருடம், அணுகுண்டு ஆனாலும் சரி, ஆயிரம் வெடிச் சரம் ஆனாலும் சரி, பஞ்சு வைக்கவே இல்லை. டெஸ்டிங் ஆட்கள் யாருமே வைக்க மாட்டார்கள். வைத்தால் கேவலம். பிற்பாடு சத்தம் அளக்கிற மீட்டர் வந்தது. மீட்டரைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவார்கள், ஆனால் என் தலை ஆடினால்தான் லாட் நகரும். "சத்தம் உருண்டையா இருக்கா, பிளந்து போச்சான்னு இவருதான் சொல்லணும்" என்று முதலாளியே வெளியூர் ஏஜெண்டுகளிடம் என்னைக் காட்டிச் சொல்வார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக் கருத்துக் கேட்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டைப் பற்றிப் பேச வந்தவன் வெடியைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்காதீர்கள். நான் கெடுத்த பாட்டின் கதை அந்தப் பொட்டலில்தான் ஆரம்பிக்கிறது.

2. குறைச் சீட்டு

கம்பெனியில் நான் எழுதுகிற சீட்டுக்குக் குறைச் சீட்டு என்று பெயர். லாட் நம்பர், குறை, கையெழுத்து. மூன்றே கட்டம். நன்றாக இருக்கிறது என்று எழுத அதில் இடமே கிடையாது. நன்றாக இருக்கிற லாட்டுக்குச் சீட்டே தேவையில்லை.

எனக்கு இளவட்டத்திலிருந்தே ராக் பைத்தியம் உண்டு. பெங்களூருக்கு லோடு கொண்டுபோகும் லாரி டிரைவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கேசட்டில் பிடித்தது அது. வேலையிலிருந்து நின்ற கையோடு ஒரு லாப்டாப், ஒரு மைக், மைக்கை லாப்டாப்போடு சேர்க்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். பீரோவைத் திறந்துவைத்து, அதற்குள் தலையை விட்டுப் பாடுவேன். சேலைகளுக்கு நடுவே பாடினால் எதிரொலி வராது. "பட்டுச் சேலையில எச்சி தெறிச்சுச்சு, அப்புறம் தெரியும் சேதி" என்று என் வீட்டுக்காரி பின்னால் நின்று மிரட்டுவாள்.

பாடின பாட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் என்ன வரும்? "செம", "தெறி", "வேற லெவல் அண்ணாச்சி". அப்புறம் நெருப்புப் படம் நாலைந்து. பாட்டு நாலு நிமிடம். போட்ட பத்தாவது செகண்டில் நெருப்புப் படம் வந்துவிடும். கேட்காமலே பாராட்டுகிறவனை எனக்குக் கண்டாலே ஆகாது. திட்டுகிறவனாவது கேட்டிருப்பான். வெறும் வாயால் பந்தல் போடுகிற இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டும் உருப்படாது என்று எரிச்சலாகி, நானே ஒரு ஏற்பாடு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சிவகாசியில் கணேசனின் அறையில் கூடுவோம். கணேசன் ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைன் பார்ப்பவன், வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டிரம் போடுவான். ஜெபராஜ் லாரி புக்கிங் ஆபீசில் வேலை, கிடார் வாசிப்பான். இன்னும் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் பாட்டைப் போட வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். கடைசியில் நான் குறைச் சீட்டு எழுதி வாசிப்பேன். அதே மூன்று கட்டம்தான். லாட் நம்பருக்குப் பதிலாகப் பாட்டின் பெயர்.

என் சீட்டில் தவறாமல் வருகிற குறை ஒன்று இருந்தது. "மேல் சத்தம் போதவில்லை. டிரம்மோடு அடிக்கிற சிம்பல் தட்டு எங்கே போனது? குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. ட்ரெபிள் ஏற்றவும்." வீட்டில் ரெக்கார்ட் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் குறை உண்டு என்று ஒரு கொள்கையே வைத்திருந்தேன். ஆரம்பத்தில் ஒருநாள் ஜெபராஜ், "அண்ணாச்சி, எனக்குச் சரியாத்தான் கேக்குது" என்றான். "அப்ப நீயே சீட்டு எழுதிக்க. நான் எதுக்கு?" என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுவாரம் கணேசன் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னபடி திருத்திக் கொண்டுவருவார்கள். போட்டுக் காட்டுவார்கள். சிம்பல் தெளிவாகக் கேட்கும். "இப்பத்தான்லே இது பாட்டு" என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அவரவர் யூடியூப் சேனலில் ரிலீஸ் ஆன பிறகு அந்தப் பாட்டுகளை நான் திரும்பக் கேட்டதில்லை. பாஸ் பண்ணின லாட்டை யார் திரும்ப வெடித்துப் பார்ப்பார்?

3. எடுத்துப் போடு

மூன்றாவது வருடம் ஃபரீதா வந்தாள். விருதுநகரில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துணிக்கடை. கல்லூரி முடித்துவிட்டுக் கடையில் நிற்கிறாள். கடை மாடியில் சரக்கு வைக்கிற ரூம் பாதி காலியாகக் கிடந்தது. துணிப் பண்டல்களைச் சுற்றி அடுக்கி, நடுவே உட்கார்ந்து ரெக்கார்ட் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர் வழி பஸ் பிடித்துச் சிவகாசிக்கு வந்துவிடுவாள். முதல் ஐந்தாறு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் பாட்டையும் என் சீட்டையும் கவனித்துக் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு தன் பாட்டைப் போட்டாள். பாட்டின் பெயர் "எடுத்துப் போடு". கடைக்கு வருகிறவர்கள் அதை எடு, இதை எடு என்று ரேக்கில் இருப்பது முழுவதையும் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போய்விடுகிறார்களே, அதுதான் பாட்டு. கிடாரை அறைந்து அறைந்து வாசித்திருந்தாள்.

எடுத்துப் போடு, எடுத்துப் போடு,
மடிச்சு வைக்க ஒருத்தி இருக்கா

என்று பல்லவியில் கத்துவாள். கத்தல் என்றால் அடிவயிற்றுக் கத்தல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிஜமாகவே இது பாட்டு என்று தெரிந்தது. அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. சீட்டில் இடமில்லையே. "குரல் அமுங்கிக் கிடக்கிறது. சிம்பல் இல்லவே இல்லை. ட்ரெபிள் நன்றாக ஏற்றவும்" என்று எழுதி வாசித்தேன்.

"ஏத்தினா கத்துற இடம் கிரீச்சுன்னு வராதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஏம்மா, ராக்கு பாடிட்டுக் கிரீச்சுங்குதேன்னா எப்படி? தாலாட்டா பாடுற? ஏத்து" என்றேன்.

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்தப் பாட்டுக்கு அவசரம் ஒன்று இருந்தது. சின்ன ஊர்களில் வீட்டிலேயே ரெக்கார்ட் செய்கிறவர்களின் ராக் பாட்டுகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் ஒரு குழு ஆல்பமாகக் கொண்டுவருவதாக இருந்தது. குரலையும் கிடாரையும் டிரம்மையும் கலந்து அவள் அனுப்பின முதல் மிக்ஸைக் கேட்டுவிட்டுப் பத்தில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். முடிந்த மிக்ஸை அனுப்பப் பத்து நாள் கொடுத்தார்கள். அவள் அத்தாவும் ஒரு பேச்சுப் பேசியிருந்தார். ஆல்பம் வந்தால் மாடி ரூம் அவளுக்கு. வராவிட்டால் தீபாவளிச் சரக்கை அங்கே ஏற்றிவிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். தெரிந்துதான் ஏற்று என்றேன்.

ஏற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போட்டாள். எனக்குக் குரல் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. "பாஸ்" என்றேன். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டாள்.

4. விசில்

அடுத்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் ஃபரீதா என் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்து கிடந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. செல்லை நீட்டினாள். சென்னையிலிருந்து வந்திருந்த செய்தி. காதைக் கிழிக்கிறது, முதலில் அனுப்பின மிக்ஸை ஏன் இப்படிக் கெடுத்தீர்கள், லிஸ்ட் முடிந்துவிட்டது, வேறு பாட்டை எடுத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தது.

"அவுகளுக்குக் காது சரியில்லம்மா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். வாய்க்குப் பூட்டு கிடையாது.

அவள் செல்லில் எதையோ தட்டி, மேஜை மேல் வைத்தாள்.

"கேக்குதா அண்ணாச்சி?"

"என்ன?"

"கேக்குதா?"

"ஒண்ணுமே வரலயே. முதல்ல போடு, அப்புறம் கேளு."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. "யாரது நடுவீட்டுல விசில் அடிக்கிறது? காது கூசுது, நிப்பாட்டுங்க."

நான் செல்லைப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி, என் கண் முன்னால் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியில் இருக்கிறவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை.

"எட்டாயிரம் ஹெர்ட்ஸ்" என்றாள் ஃபரீதா. "சிம்பல் இருக்கிற இடம் அதான். உங்களுக்கு அந்த இடத்துல காதே இல்ல அண்ணாச்சி. செத்துப் போச்சு. உங்க செத்த காதுக்குக் கேக்கட்டும்னு என் பாட்டைக் கொன்னுட்டேன். எனக்கே வலிச்சுச்சு. மிக்ஸ் பண்றப்ப ஹெட்ஃபோனைக் கழட்டிக் கழட்டி வச்சேன். ஆனா அங்கன எல்லாரு பாட்டும் அப்படித்தான் கிரீச்சுன்னு இருந்துச்சு, எல்லாரும் தலையாட்டினாக. சரி, நமக்குத்தான் ராக்கு தெரியல போலன்னு நெனச்சேன். எனக்குச் சரியாக் கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருப்பீக? எம்புட்டு நம்பினேன்!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சின்னப் பிள்ளை என் வீட்டுக்குள் வந்து என்னைச் செவிடன் என்கிறாள். "முப்பத்திரண்டு வருஷம் சத்தத்தைத் தரம் பிரிச்சவன்ட்ட வந்து பேசுறியா நீ?" என்று கத்தினேன். அவள் செல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஈரக் கையோடு வெளியே வந்த என் வீட்டுக்காரி, "பத்து வருஷமா நானுந்தான் சொல்றேன், காது மந்தம்னு. என் பேச்சு எங்க ஏறுச்சு?" என்றாள். அவள் சொன்னது வாஸ்தவம். ஆனால் பெண்டாட்டி சொல்வதை எல்லாம் நான் சண்டைக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

5. மதுரை

மூன்று நாள் வீம்பாக இருந்தேன். நாலாவது நாள் மதுரைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கீழ்ச் சத்தத்துக்கு டக் டக்கென்று அமுக்கினேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சத்தமே வரவில்லை. மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்தேன். டெஸ்ட் எடுத்த பெண் கூண்டைத் திறந்து, கிராஃபைக் கையில் வைத்துக்கொண்டே, "சார் சிவகாசியா?" என்று கேட்டாள்.

ஊரைச் சொல்லவே இல்லை. கிராஃபைப் பார்த்தே சொல்லிவிட்டாள். கோடு பாதி வரைக்கும் ஒழுங்காக வந்து, அப்புறம் கிணற்றுக்குள் விழுந்திருந்தது.

"மேல் சத்தம் இனிமே திரும்பாதுங்க. போனது போனதுதான். உங்க கம்பெனியில காதுக்கு ஒண்ணும் குடுக்கலையா?" என்றார் டாக்டர்.

குடுத்தாங்க, பட்டம் குடுத்தாங்க என்று வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஃபோர்மேன் மேல், சிரித்த அந்த நாலு பேர் மேல், ஏஜெண்டுகளிடம் என்னைக் காட்டின முதலாளி மேல். எல்லாரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் திட்ட ஆள் தீர்ந்துபோய், கடைசியில் நான்தான் மிஞ்சினேன்.

6. இரண்டு ஃபைல்

அந்த ஞாயிற்றுக்கிழமை கணேசன் அறைக்குப் போனேன். ஃபரீதா வரவில்லை. மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். கிராஃபை மேஜையில் விரித்தேன்.

"மதுரைக்குப் போயிருந்தேன். எனக்கு மேல் சத்தம் கேக்காதாம். ரொம்ப வருஷமாவே கேக்காதாம். இந்த மூணு வருஷமா நான் எழுதின சீட்டு அம்புட்டும் தப்பு. மன்னிச்சுக்கிடுங்கப்பா" என்றேன்.

ஒருத்தனும் குனிந்து கிராஃபைப் பார்க்கவில்லை. ஐயோ என்று கூடச் சொல்லவில்லை. ஜெபராஜ் சன்னலைப் பார்த்தான். கணேசன் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னலே, ஒருத்தனுக்குக் கூட அதிர்ச்சியா இல்லையா?"

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. எங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றான் கணேசன்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது மாசத்துல இருந்து."

அவன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு ஃபைல். ஒன்றில் பாட்டின் பெயரோடு "ரிலீஸ்" என்று இருந்தது. இன்னொன்றில் "அண்ணாச்சி மிக்ஸ்" என்று இருந்தது. எல்லாருடைய பாட்டுக்கும் அப்படி. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போட்டுக் காட்டுவது ஒன்று. சேனலில் போடுவது வேறு.

"நீங்க ட்ரெபிள் ஏத்தச் சொல்வீக. ஏத்தினா எங்களுக்குக் காது வலிக்கும். ஏத்தலன்னா நீங்க சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவீக. அதான் உங்களுக்குன்னு ஒண்ணு, ஊருக்குன்னு ஒண்ணு வச்சுக்கிட்டோம். நீங்க கேக்குறப்ப நாங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம்" என்றான் ஜெபராஜ்.

ஒருத்தன் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மூன்று வருடமாக நடுநாயகமாக உட்கார்ந்து நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் எனக்காகவே தயார் செய்த பொய். கேட்காமலே பாராட்டுகிற வாட்ஸ்அப் கூட்டத்தை அந்தத் திட்டுத் திட்டினேனே, நான் நடத்தினதும் அதே கூட்டம்தான். பாராட்டு வாங்கினவன் மட்டும் நான்.

ஆனால் அந்த அவமானத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று அடுத்த நிமிடமே உறைத்தது.

"அந்தப் புள்ளையும் இதே ரூம்லதானலே உக்காந்திருந்துச்சு?" என்றேன். "நீங்க பல்லைக் கடிச்சது அதுக்குத் தெரியல. தலையாட்டினதுதான் தெரிஞ்சுது. அதைப் பார்த்துத்தானலே, கிரீச்சுன்னு இருந்தாத்தான் ராக்குன்னு அது நெனச்சுச்சு? ஆல்பத்துக்கு அனுப்பப்போற பாட்டுன்னு உங்க அஞ்சு பேருக்கும் தெரியும். ரெண்டு ஃபைல் வச்சுக்கம்மான்னு ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா?"

கணேசன் தலையைச் சொறிந்தான். "புதுசா வந்த புள்ளைகிட்டப் போய், அண்ணாச்சிக்குக் காது கேக்காதுன்னு எப்படிச் சொல்றது? உங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

"மரியாதையாலே அது? செவிடனை நடுவுல உக்கார வச்சுச் சுத்திக் கும்மியடிச்சிருக்கீக. அதுக்குப் பேரு மரியாதையா? முகத்துக்கு நேரே கேக்கலைய்யா உனக்குன்னு சொல்லியிருந்தா நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பேன். அம்புட்டுதானலே? அதுக்குப் பயந்து ஒரு புள்ளையோட பாட்டைக் காவு குடுத்துட்டீகளேலே!"

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தினதில்லை. அறைக்குக் கீழ்த்தளத்தில் இருந்த பிரஸ்ஸில் லீவு நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆள் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். பிள்ளைகளே, அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். மூத்தவன் தப்பாகச் சொன்னால் அவன் மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லுங்கள். அவன் கத்துவான், கத்தட்டும். நீங்கள் நைசாக ஒதுங்கிப் போனால் அவன் வாயிலிருந்து வருகிற தப்பு அடுத்து வருகிற அப்பாவி தலையில் விழும். அதே மாதிரி, கருத்துச் சொல்ல உட்கார்கிறவன் மறுத்துப் பேசினவனை நோக்கிச் சீட்டைக் கிழித்து எறிந்தால், அன்றிலிருந்து அவனுக்கு உண்மை வராது. எறிந்தவன் நான். அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த யோக்கியதை பாதிதான்.

7. விருதுநகர்

மறுநாள் விருதுநகருக்குப் போனேன். கடையில் ஃபரீதாவின் அத்தா கல்லாவில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீகளா?" என்றார். மகள் என்ன சொல்லியிருந்தாளோ தெரியாது, மனிதர் மரியாதை குறைக்கவில்லை.

"சாப்பாடு இருக்கட்டுங்க. உங்க மக பாட்டு ஆல்பத்துல வராமப் போனதுக்கு நான்தான் காரணம். அந்த ரூமை மட்டும் அதுக்கு விட்டுக் குடுங்க" என்றேன்.

"சரக்கு ஏத்தியாச்சே" என்றார். "சொன்ன பேச்சு ஒண்ணு இருக்குல்ல. சீசன் முடியட்டும், பார்ப்போம்."

ஃபரீதா ஒரு அம்மாவுக்குச் சேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டுப் பத்துச் சேலை விரிந்து கிடந்தது. அந்த அம்மா அப்புறம் வருகிறேன் என்று எழுந்து போன பிறகு, மடிக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் நின்று மதுரை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். இரண்டு ஃபைல் கதையையும் சொன்னேன். அதைக் கேட்டதும் மடிப்பதை நிறுத்தினாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப உங்க பேச்சைக் கேட்ட ஒரே முட்டாள் நான்தான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அழவில்லை. அடுத்த சேலையை எடுத்துப் பட்டென்று உதறினாள். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த ஆல்பம் வெளிவந்தது. பத்துப் பாட்டு. அவள் பாட்டு இல்லை. அதே வாரத்தில், நான் கெடுப்பதற்கு முந்தைய மிக்ஸைத் தன் சேனலில் அவளே போட்டாள். பார்த்ததும் எனக்கு மனது பொங்கிவிட்டது. பாட்டுக்குக் கீழே நீளமாக ஒரு கமெண்ட் எழுதினேன். இந்தப் பாட்டு ஆல்பத்தில் வர வேண்டியது, கெடுத்தவன் நான், பட்டாசுக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடத்தில் என் காது போய்விட்டது, தெரியாமல் செய்த பாவத்துக்கு மன்னிப்பு என்று எல்லாவற்றையும் ஊரறியக் கொட்டினேன். எழுதி முடித்ததும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் கமெண்டைக் காணோம். அவளே அழித்துவிட்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

"அண்ணாச்சி, என் பாட்டுக்குக் கீழ உங்க கதை எதுக்கு? பாட்டைக் கேட்டீகளா இல்லையா? கேட்டிருந்தா பாட்டைப் பத்திச் சொல்லுங்க. இல்லன்னா விடுங்க."

சுருக்கென்றது. முதலில் கோபம்தான் வந்தது. மன்னிப்புக் கேட்டவனை இப்படியா பேசுவது என்று செல்லைக் கட்டிலில் எறிந்தேன். அப்புறம் யோசித்தால், அவள் சொன்னது நிஜம். நான் அந்த மிக்ஸைக் கேட்கவே இல்லை. பெயரைப் பார்த்ததும் கமெண்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன். பத்தாவது செகண்டில் நெருப்புப் படம் போடுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிம்பலைத் தேடவில்லை. குரலின் மேல் ஓரத்தைத் தேடவில்லை. அதெல்லாம் எனக்கு இல்லாத ஊர். எனக்குக் கேட்கிற கீழ்ச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து ஏழு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை ஒன்று தட்டுப்பட்டது. ஆறாவதும் ஏழாவதும் அதை உறுதி செய்துகொள்ளத்தான்.

பிறகு எழுதினேன். "பல்லவியில் நீ கத்துகிற இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முதல் நாளே பிடித்தது, சொல்லவில்லை. இரண்டாவது சரணம் ஆரம்பிக்கிற இடத்தில் பெரிய டிரம் கிடாருக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. மேல் சத்தம் எனக்குக் கேட்காது, அதைப் பற்றி வேறு யாரிடமாவது கேள்."

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கடை நேரத்தில் வந்தது.

"ஆமா. பிந்துது. மாத்துறேன்."

மூன்று வருடத்தில் நான் எழுதின குறைகளில், குறை என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.